கங்கோங்கா, கீரையா? மகளுக்கு ரத்தம் ஏற எதைச் சமைப்பது?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து நீங்கள் கேட்டது ஒரே வரி: கங்கோங்கில் சத்து அதிகமா, கீரையில் அதிகமா? ஆனால் அந்த ஒரு வரிக்குக் கீழே எழுதியிருந்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். படிவம் 4 படிக்கும் மகளுக்குப் பள்ளியில் ரத்தம் எடுத்தார்கள்; ஹீமோகுளோபின் 10.4 என்று வந்தது. அன்றிலிருந்து தினமும் கீரை வாங்குகிறீர்கள். மகளுக்கோ கங்கோங் இருந்தால்தான் சோறு இறங்குகிறது. கங்கோங் கால் நரம்பை இழுக்கும், ரத்தத்தை முறிக்கும் என்று மாமியார் தடுக்கிறார். அவர் இருதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். ஆக, இரண்டில் எதைச் சமைத்தால் பிள்ளைக்கு ரத்தம் ஏறும் என்பதுதான் உங்கள் கேள்வி. பினாங்கில் அரசாங்க மருத்துவமனை உணவியல் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். உங்களைப் போன்ற அம்மாக்கள் இதே கவலையோடு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் கீரை என்று சொன்னால் பெரும்பாலும் பாயாம்தான். தண்டுக்கீரை, அரைக்கீரை, முளைக்கீரை எல்லாம் சேர்ந்த இனம். சாப்பாட்டுக் கடைப் பட்டியல்களில் இதை ஸ்பினாச் என்று போட்டுவிடுகிறார்கள். உண்மையான ஸ்பினாச் வேறு செடி. இரண்டும் ஒரே குடும்பம்தான் என்றாலும் ஒன்றின் எண்ணை எடுத்து மற்றதன் மேல் ஒட்டக் கூடாது. கங்கோங் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் சொந்தக்காரி. தமிழ்நாட்டில் இதன் பெயர் வள்ளைக்கீரை. சங்கப் பாடல்களின் மருத நிலத்தில் குளமெல்லாம் படர்ந்து கிடக்கும் வள்ளை இதுதான். நம் பாசாரில் இரண்டு வகை வரும். வேரோடு கட்டி விற்கும் ஒல்லி இலைக் கங்கோங், தரையில் விதை போட்டு வளர்த்தது. தண்டு தடித்து, நீளமாக இருப்பது தண்ணீர்க் கங்கோங். பினாங்கு அங்காடிகளில் சோத்தோங் கங்கோங்குக்குப் போடுவார்களே, அது.

இப்போது எண்களைப் பார்ப்போம். அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் பச்சைப் பாயாம் இலையில் இரும்புச்சத்து 2.3 மில்லிகிராம், கங்கோங்கில் 1.7. கால்சியம் பாயாமில் 215 மில்லிகிராம், கங்கோங்கில் 77. ஃபோலேட் என்ற சத்தும் பாயாமில்தான் கூடுதல். 85 மைக்ரோகிராமுக்கு 57. பொட்டாசியம் 611-க்கு 312. மறுபக்கம், வைட்டமின் ஏ-யில் கங்கோங் இரண்டு மடங்குக்கு மேல் முன்னால் நிற்கிறது. 315-க்கு 146 மைக்ரோகிராம். பச்சையாக அளந்தால் வைட்டமின் சி-யும் கங்கோங்கில் கூடுதல். 55-க்கு 43 மில்லிகிராம். புரதம் இரண்டிலும் இரண்டரை கிராம் அளவுக்கு, ஏறத்தாழ சமம். நம் நாட்டுக்கும் தனி அட்டவணை உண்டு. மண், ரகம், பறித்த வயது, பாசாரில் காய்ந்து கிடந்த நேரம் எல்லாம் சேர்ந்து எண்ணை மாற்றும் என்பதால் இரண்டு அட்டவணைகளை ஒப்பிட்டால் அப்படியே பொருந்தாது. பாயாமில் இரும்பும் கால்சியமும் கூடுதல், கங்கோங்கில் வைட்டமின் ஏ கூடுதல் என்ற அளவுக்கு நம்பிச் சொல்லலாம். புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்துக்காக யாரும் சண்டை போட வேண்டாம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உங்களுக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் சௌராஸ்தா பாசாரில் இரண்டிலும் ஒவ்வொரு கட்டு வாங்கி வந்து வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். கங்கோங் கட்டு 280 கிராம். வேரையும் முற்றிய அடித்தண்டையும் கிள்ளிப் போட்ட பிறகு 200. பாயாமும் கழித்தது போக அதே அளவுக்கு வந்தது. குவாலியில் போட்டு இரண்டு பிரட்டுப் பிரட்டினால் இந்த 200 கிராமும் சுருங்கி ஒரு சின்னக் கிண்ணத்தில் அடங்கிவிடுகிறது. நான்கு பேர் வீட்டில் ஆளுக்கு 50 கிராம். அப்படியானால் உங்கள் மகளின் தட்டில் விழும் இரும்புச்சத்து, பாயாமாக இருந்தால் 1.15 மில்லிகிராம், கங்கோங்காக இருந்தால் 0.85.

தட்டில் இருப்பதெல்லாம் ரத்தத்துக்குப் போகாது. செடியிலிருந்து வரும் இரும்பில் பெரும்பகுதியைக் குடல் உள்ளே விடுவதில்லை. உடலில் இரும்பு எவ்வளவு குறைந்திருக்கிறது, கூட என்ன சாப்பிட்டோம் என்பதைப் பொறுத்து நூற்றுக்கு இரண்டிலிருந்து இருபது வரை போகலாம். கணக்குக்காக ஐந்து விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாயாமிலிருந்து உடலுக்குள் போனது 0.06 மில்லிகிராம், கங்கோங்கிலிருந்து 0.04. மாதவிலக்கு ஆகும் ஒரு பெண்ணின் உடலுக்கு ஒரு நாளைக்கு உள்ளே போய்ச் சேர வேண்டியது சராசரியாக ஒன்றரை மில்லிகிராம். அதிகம் போகிறவர்களுக்கு அதைவிடக் கூடுதல். ஒன்றரைக்கு முன்னால் 0.06 எங்கே, 0.04 எங்கே? இந்த இரண்டு கீரைகளுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் உங்கள் மகளின் ஹீமோகுளோபினை அசைக்காது. பாயாம் வேண்டாம் என்று பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனால் அந்த 0.06-உம் இல்லை.

கீரையைவிட, கீரையோடு என்ன போகிறது என்பதுதான் பெரிய விஷயம். சோறு சாப்பிட்டவுடன் தே குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் அப்படித்தான். தேயிலையின் துவர்ப்பு, செடி இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும். சாப்பாட்டோடு ஒரு கோப்பை தேநீர் குடித்தால் குடல் இழுக்கும் இரும்பு பாதிக்கும் கீழே போய்விடும் என்று அளந்தே காட்டியிருக்கிறார்கள். காப்பியும் குறைக்கும், தேயிலை அளவுக்கு இல்லை. இதற்கு எதிர்ப்பக்கம் வைட்டமின் சி. அதே சாப்பாட்டில் நல்ல அளவு வைட்டமின் சி இருந்தால் இரும்பு இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக உள்ளே போகும். எலுமிச்சை பிழிந்தால் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள். பிழியுங்கள், தவறில்லை. ஆனால் ஒரு மூடி எலுமிச்சையிலிருந்து கிடைப்பது ஐந்து மில்லிகிராம் தேறுவதே கடினம். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பாசாரில் வெட்டிப் பையில் போட்டு விற்கும் கொய்யாவில் நான்கு துண்டு, சாப்பாட்டோடு அல்லது முடித்த கையோடு கொடுங்கள். பப்பாளியும் நல்லது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. தொழிற்சாலையில் இரவு வேலை, வயது இருபத்திரண்டு இருக்கும். ஹீமோகுளோபின் 9-க்குப் பக்கம். மூன்று மாதம் விடாமல் தினம் பாயாம் சாப்பிட்டு வந்தாள். எண் அசையவே இல்லை. தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்து என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். என்ன சாப்பிட்டாய் என்று மணி வாரியாக எழுதச் சொன்னேன். மதியம் சோறு, கீரை, ஒரு முட்டை, உடனே பெரிய குவளையில் தே ஓ ஐஸ். இரவு வேலையிலும் அதேதான். தேயைச் சாப்பாட்டிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தோம், கோழி ஈரல் சேர்த்தோம், மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதினார். நான்கு மாதத்தில் 12-ஐத் தாண்டியது. அதில் பெரும்பங்கு மாத்திரையுடையது. ஆனால் மாத்திரையையும் தேயோடு விழுங்கியிருந்தால் அதுவும் பாதி வீண்தான்.

ஈரல் என்றதும் சொல்லிவிடுகிறேன். இறைச்சி, ஈரல், மீனில் இருக்கும் இரும்பின் ஒரு பகுதி வேறு வகை. நூற்றுக்கு 15-லிருந்து 35 வரை குடல் ஏற்றுக்கொள்ளும். கூடவே பக்கத்தில் இருக்கும் கீரையின் இரும்பையும் இழுத்துக்கொண்டு போகும். வெந்த கோழி ஈரலில் 100 கிராமுக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. ஓர் ஈரல் 40 கிராம் என்றால் அதிலேயே நான்கு மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். வாரம் இரண்டு தடவை போதும். வீட்டில் சைவம் என்றால், அல்லது வெள்ளிக்கிழமைகளில், பருப்பு, சோயாவில் செய்த தெம்பே, தவ்வு இவற்றைக் கீரையோடு சேர்த்து, கொய்யாவை மறக்காமல் கொடுங்கள்.

கால்சியத்தில் பாயாம் 215, கங்கோங் 77 என்றேன். அதைப் பார்த்து, எலும்புக்குப் பாயாம்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாயாம் இலையில் ஆக்சாலிக் அமிலம் நிறைய. சமைத்த கீரையைச் சாப்பிட்டபின் பல்லில் ஒரு நறநறப்பு, நாக்கில் ஒரு பிடிப்பு தெரியுமே, அதற்குக் காரணம் அதுதான். அது கால்சியத்தோடு கட்டிக்கொண்டால் குடலால் பிரிக்க முடியாது. இதே குடும்பத்து ஸ்பினாச்சில் அளந்தபோது உள்ளே போன கால்சியம் நூற்றுக்கு ஐந்துதான். பாலில் முப்பதுக்கு மேல். பாயாமும் அந்தப் பாதையில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. கால்சியத்துக்காகக் கீரை வாங்குவதென்றால் சாவி என்ற கடுகுக்கீரையும் பாக் சோயும் இந்த இரண்டையும் தோற்கடிக்கும்; அவற்றில் ஆக்சாலிக் அமிலம் குறைவு, கால்சியத்தில் பாதிக்குப் பக்கம் உள்ளே போகிறது. இந்த அமிலம் இரும்பையும் தடுக்குமா என்பதில் மட்டும் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. தடுக்கும் என்று பல காலம் சொல்லி வந்தார்கள். பிறகு நேராக அளந்து பார்த்த சிலருக்குப் பெரிய தடை தெரியவில்லை. அதனால் இரும்பு விஷயத்தில் அதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். சிறுநீரகக் கல் வந்தவர்கள் வீட்டில் இருந்தால், பாயாமை நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்துச் சமைப்பது நல்லது. அமிலத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும்.

வைட்டமின் சி-யிலும் ஒரு விஷயம். கங்கோங்கில் பச்சையாக 55 இருந்தது, வேகவைத்து வடித்தால் அதே அட்டவணையில் 16 என்று இருக்கிறது. பாயாமுக்கோ வேகவைத்த பிறகும் 41 என்று போட்டிருக்கிறார்கள். அந்த 41 எனக்கு நம்பும்படியாக இல்லை. வெந்நீரில் கரைந்து போகும் சத்து பாயாமுக்கு மட்டும் ஏன் சலுகை காட்டப் போகிறது? கீரை வெந்தால் வைட்டமின் சி பெரிதாக இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் ஏ அப்படிப் போகாது; அதற்கு வேண்டியது கொஞ்சம் எண்ணெய். தாளித்தால் போதும்.

இனி மாமியார் சொன்னது. கங்கோங் காலை இழுக்கும் என்பதை நான் தமிழ்ப் பாட்டிகளிடம் மட்டும் கேட்கவில்லை. மலாய் மக்சிக்களும் சீன அம்மாக்களும் அதையேதான் சொல்வார்கள். மூன்று இனமும் ஒரே வார்த்தையைச் சொல்கிறதே என்று நானும் ஒரு காலத்தில் தேடித் தேடிப் படித்தேன். கங்கோங் தசையை இழுக்கும் என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் என் கண்ணில் பட்டதில்லை. ரத்தத்தை முறிக்கும் என்பதற்கும் இல்லை. ஆனால் பெரியவர்கள் கங்கோங்கைச் சந்தேகப்பட்டதில் ஒரு நியாயம் உண்டு. நீரில் வளரும் செடி, அந்த நீரில் இருப்பதை உறிஞ்சும். காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களையும் சேர்த்து. சாக்கடை ஓரத்திலும் கைவிட்ட வெள்ளீயச் சுரங்கக் குட்டையிலும் தானாகப் படர்ந்ததைப் பறித்து வந்த காலம் நம் தோட்டப்புற வாழ்க்கையில் இருந்தது. அப்படிப்பட்ட இடத்துக் கங்கோங்கை இன்றும் தொடாதீர்கள். தரையில் வளர்த்த, வேரோடு இருக்கும் கட்டாகப் பார்த்து வாங்குங்கள். நீரில் வளர்ந்ததன் தண்டிலும் இலையிலும் குடற்புழுவின் சிறு உயிர்கள் ஒட்டியிருக்கலாம்; தண்டைப் பிளந்து ஓடும் தண்ணீரில் அலசி, முழுதாக வேகவையுங்கள். பச்சையாக வேண்டாம்.

மாமியாரைப் பற்றி இன்னொன்று, இது முக்கியம். அவர் சாப்பிடுவது வார்ஃபரின் என்றால், பாயாமில் வைட்டமின் கே மிக அதிகம். 100 கிராமில் ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல். அது அந்த மாத்திரைக்கு எதிர்த்திசையில் வேலை செய்யும். பேத்திக்காகத் தினமும் கீரை சமைக்கத் தொடங்கியதில் அவரும் திடீரென்று கீரை அதிகம் சாப்பிட ஆரம்பித்திருக்கலாம். அடியோடு நிறுத்தவும் வேண்டாம். ஒரே சீரான அளவில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனையின்போது கீரை கூடிய விஷயத்தை மருந்தாளரிடம் சொல்லிவிடுங்கள். புது வகை மாத்திரைகளில் சிலவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பட்டையில் உள்ள பெயரைப் பார்த்துக் கேளுங்கள். அவருக்குச் சிறுநீரகமும் பலவீனம் என்றால் பாயாமின் பொட்டாசியத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. என் மனம் அதிகம் அலைவது இதில்தான். படிவம் 4-இல் பள்ளியில் ரத்தம் எடுத்தார்கள் என்றால் அது பெரும்பாலும் சுகாதார அமைச்சு 2016-லிருந்து நடத்தி வரும், பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவுக்கான பரிசோதனையாக இருக்கும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தச்சோகை. 11-க்கும் கீழே போய்விட்டால் மிதமான நிலை என்று வகைப்படுத்துவார்கள். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்கு ரத்தச்சோகை இருந்தது. அதில் பெரும்பங்கு இரும்புக் குறைவாக இருக்கலாம். ஆனால் எல்லாமே அதுவல்ல. தலசீமியாவைச் சுமப்பவர்களுக்கும் எண் குறைவாகவும், ரத்த அணுக்கள் சிறியதாகவும் இருக்கும். தாளில் பார்த்தால் இரண்டும் அக்காள் தங்கை மாதிரி. சுமப்பவர் என்றால் எவ்வளவு கீரை கொடுத்தாலும், எத்தனை இரும்பு மாத்திரை விழுங்கினாலும் அந்தக் குறை தீராது. இரும்புக் குறைவே இல்லாதவளுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. பிள்ளையை நேரில் பார்க்காமல், ஓர் எண்ணை மட்டும் வைத்து இது எந்த ரகம் என்று என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது.

அதனால் இந்த வாரமே அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்கு அவளை அழைத்துப் போங்கள். பள்ளியில் கொடுத்த தாளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்க முடியுமா, ரத்தச் சிவப்பணுவின் பருமனைக் காட்டும் எம்.சி.வி. எவ்வளவு, தலசீமியா முடிவு வந்துவிட்டதா என்று இந்த மூன்றையும் கேளுங்கள். மாதவிலக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாற்றுகிறாள் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவள் கூச்சப்பட்டால் தாதியிடம் தனியாகப் பேசவிடுங்கள். அதுவரைக்கும் கடையில் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். குறைவுதான் என்று தெரிந்து மாத்திரை எழுதிக் கொடுத்தால், எண் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். உடலின் கையிருப்பு நிரம்ப அவ்வளவு நாள் ஆகும். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையால் வருவது.

இன்றைக்குச் சாயந்திரம் கங்கோங்கே வையுங்கள். பிளாச்சான் என்ற இறால் விழுதை வழக்கத்தில் பாதியாகக் குறையுங்கள், உப்பு அதிலேயே நிறைய இருக்கிறது. பூண்டைத் தட்டிப் போட்டு, எண்ணெய் சூடானதும் தண்டை முதலில், இலையைக் கடைசியில் போட்டு, இரண்டும் முழுதாக வெந்ததும் இறக்கிவிடுங்கள். பக்கத்தில் மிளகு போட்டு வறுத்த ஈரல் ஒன்று, தட்டோரத்தில் கொய்யாத் துண்டுகள். பாயாமை நாளை மறுநாள் பருப்போடு கடையலாம். தேயை மட்டும் நான்கு மணிக்கே கொடுத்து முடித்துவிடுங்கள்.